ஜெனி கட்டிலில் விழுந்த கீறல்கள்

மர சாமானில் கிடக்கும் கீறலைப் பார்த்தே அது எப்படி விழுந்தது என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் பெருமைக்காகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் மேஜையில் கோடு விழுந்தாலும் கட்டிலில் பள்ளம் விழுந்தாலும் பாலிஷ் ஜான்சனைக் கூப்பிடு என்பார்கள். இருபத்தாறு வருஷமாக இதுதான் என் சோறு. என் சொந்த மகள் ஜெனி என்னை நாலு தரம் கூப்பிட்டாள். மூன்று தரம் போனேன், நாலாவது தரம் போனை எடுக்கவில்லை. போன மூன்று தரமும் நான் செய்துவிட்டு வந்த காரியத்துக்குப் போகாமலே இருந்திருக்கலாம்.

தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. மரத்தில் விழும் காயம் மூன்று வகை. மேலே இருக்கிற பாலிஷில் மட்டும் கோடு விழுந்தால் அது கீறல். தேய்த்து இரண்டு பூச்சு கொடுத்தால் போய்விடும். மரம் உள்ளே அமுங்கியிருந்தால் நசுங்கல். ஈரத்துணியை மடித்து அதன்மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால், ஆவி உள்ளே இறங்கி அமுங்கின நார் உப்பிக்கொண்டு மேலே வந்துவிடும். மரமே பெயர்ந்து போயிருந்தால் பள்ளம். அதுதான் கஷ்டம். அந்த மரத்தின் நிறத்துக்கு மெழுகை உருக்கி அடைத்து, மட்டமாகச் சீவி, மெல்லிய பிரஷால் அதன்மேல் மரத்தின் ரேகையை வரைந்து, கடைசியில் அரக்குப் பாலிஷ் போட வேண்டும். ரேகை வரைவதில்தான் இருக்கிறது சூட்சுமம். நான் வரைந்து முடித்தால் சொந்தக்காரனே மறுநாள் எந்த இடம் என்று தேடுவான்.

விழுந்த விதமும் காயத்திலேயே இருக்கும். நாய் பிறாண்டினால் ஒரு மாதிரி, பூனை பிறாண்டினால் ஒரு மாதிரி. சாவிக்கொத்து விழுந்தால் நாலைந்து புள்ளியும் ஒரு இழுப்பும். கண்ணாடி வளையல் அழுந்தினால் பிறை பிறையாகச் சின்ன வெட்டுகள். கல்பாக்கத்தில் ராஜம் அம்மா என்று ஒருவர், வீட்டுக்காரர் நரசிம்மன் அணு ஆராய்ச்சியில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவர்கள் வீட்டு ஈட்டிமர மேஜையின் காலில் வரிசையாக நாலு கோடு. வேண்டா என்கிற வேலைக்காரப் பெண்தான் துடைப்பத்தால் இழுத்துவிட்டாள், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றார் அந்த அம்மா. வேண்டா சமையலறை வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தாள். நான் குனிந்து பார்த்தேன். கோடுகள் எல்லாம் ஒரே உயரம், ஒரே அகலம். சாருடைய வாக்கரில் கீழ் ரப்பர் தேய்ந்திருக்கும், மாற்றிவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அம்மா குனிந்து வாக்கரின் காலைத் திருப்பிப் பார்த்தார். வேண்டா கொண்டுவந்த காபியில் சர்க்கரை தூக்கலாக இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் இந்தக் கதையை நடித்தே காட்டினேன். என் மனைவி வசந்தா சிரித்தாள். ஜெனி அப்போது காலேஜில் இரண்டாம் வருஷம். தட்டில் கையை வைத்துக்கொண்டே, "நைனா கைல எதையும் மறைக்க முடியாதும்மா" என்றாள். அந்த ஒரு வார்த்தை எனக்கு அன்றைக்கு அவ்வளவு இனித்தது. அதை அவள் நிஜமாகவே நம்பினாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

இன்னொன்று. காயத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வேனே தவிர, எப்படி விழுந்தது என்று யாரையும் கேட்க மாட்டேன். கேட்டால் பாதிப் பேர் பொய் சொல்வார்கள், பாதிப் பேர் கூச்சப்படுவார்கள், இரண்டு வகை ஆட்களுமே மறுபடி கூப்பிட மாட்டார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டையில் தட்டு பறந்த வீடுகளுக்கெல்லாம் போயிருக்கிறேன். சுவரைப் பார்த்துக்கொண்டு வேலையை முடித்துவிட்டு வந்துவிடுவேன். இது என் தொழில் நாகரிகம் என்று என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஜெனிக்கும் தெரியும்.

ஜெனியின் கல்யாணம் எங்கள் சபை மூலமாக வந்த சம்பந்தம். மாப்பிள்ளை ஆல்வின், மறைமலைநகரில் கார் பார்ட்ஸ் கம்பெனியில் பர்மனென்ட். கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, கொயரில் பாடுகிறவன். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் மாடி வீடு. அவனும் அவன் அம்மா பொன்னியும்தான். எங்கள் அப்பன் பாட்டனெல்லாம் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டவர்கள். எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இப்படி ஒரு மாப்பிள்ளை என்று நான் கொஞ்சம் தலைகால் புரியாமல்தான் இருந்தேன். தங்கம் கொஞ்சம்தான் போட முடிந்தது. அந்தக் குறையைக் கட்டிலில் தீர்த்துக்கொண்டேன். ஏரிக்கரைப் பக்கம் இடித்த பழைய பங்களா ஒன்றின் தேக்கு நிலைகளை வாங்கி, ஆசாரியை வைத்து ஒரு கட்டிலும் ஒரு டிரஸ்ஸிங் டேபிளும் செய்யச் சொல்லி, நாற்பது நாள் நானே உட்கார்ந்து பாலிஷ் தேய்த்தேன். சீர் இறக்கியபோது ஆல்வின் வீட்டுத் தெருவே வந்து பார்த்தது. கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி இருந்தது.

நாலாவது மாதம் ஜெனி போன் செய்தாள்.

"நைனா, கட்டில்ல கீறல் வுழுந்துடுச்சி. நீ வந்து பாத்துட்டுப் போயேன்."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. நாலு மாதம்கூட ஆகவில்லையே என்ற ஆத்திரம். பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு போனேன். தலைமாட்டுப் பலகையில் மூன்று கோடு, மூன்றும் ஒரே சாய்வு. ஒவ்வொன்றின் முனையிலும் சின்னச் சதுரமாக ஒரு அழுத்தம், சதுரத்தின் நடுவே முள் குத்தின மாதிரி ஒரு புள்ளி. இருபத்தாறு வருஷ அனுபவம் உள்ளவன் அதைப் பார்த்துவிட்டு என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் சொன்னது இதுதான்: சூட்கேஸை இழுத்து இடித்திருப்பாய், நாற்பது நாள் தேய்த்த பாலிஷ், சாமான் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை உனக்கு, உன் அம்மா உனக்கு எதுதான் கற்றுக்கொடுத்தாளோ. அவள் கட்டிலின் ஓரத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டினதில் முகம் வாடிவிட்டது என்று நினைத்தேன். தேய்த்தேன், ஆவி காட்டினேன், மூன்று பூச்சு போட்டேன். ஷிஃப்ட் முடிந்து வந்த ஆல்வின், "மாமா கை பட்டா தனிதான்" என்று சொல்லிவிட்டுக் கீழே போய் எனக்கு பிரியாணி வாங்கி வந்தான். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாவது தரம் மழைக்காலம். டிரஸ்ஸிங் டேபிளின் முன்விளிம்பில் ஒரு நசுங்கல், அதன் இரண்டு பக்கமும் பிறை பிறையாகச் சின்ன வெட்டுகள். கண்ணாடி வளையல். வளையலோடு ஒரு கையை அந்த விளிம்பில் வைத்து மேலிருந்து யாராவது அழுத்தினால்தான் அப்படி விழும். எனக்கு அது தெரியும். தெரிந்தும், கண்ணாடி முன்னால் நின்று வளையல் போடும்போது இடித்துக்கொண்டிருப்பாள் என்று எனக்கு நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். ஜெனியின் கையில் அன்று வளையல் இல்லை. இந்தக் காலத்துப் பெண்கள் எங்கே வளையல் போடுகிறார்கள் என்று அதற்கும் ஒரு முணுமுணுப்பு. ஆவியில் நார் உப்பி மேலே வந்தது. வெட்டுகளை மெழுகால் அடைத்தேன். பொன்னி அம்மாள் அடுக்களையிலிருந்து டீ கொடுத்தனுப்பினாள், வெளியே வரவில்லை.

மூன்றாவது தரம் இந்த வருஷம் தை மாதம். அதே டிரஸ்ஸிங் டேபிள், கண்ணாடியைத் தாங்குகிற பக்கவாட்டுச் சட்டம். கட்டை விரல் நுழையும் அளவுக்கு மரம் பெயர்ந்து போயிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் காது உயரத்தில். பள்ளத்தின் சிலாம்பில் ஒரு முடி சிக்கியிருந்தது, நீள முடி. அடியில் கறுத்த சிவப்பாக ஒரு கறை மரத்துக்குள் இறங்கியிருந்தது. டிரஸ்ஸிங் டேபிளில் முடி இல்லாமல் வேறு எங்கே இருக்கும் என்று அந்த முடியை எடுத்து ஊதிவிட்டேன். கறை மருதாணியாக இருக்கும். உப்புத்தாளால் தேய்த்தும் போகவில்லை. அதன்மேலேயே அடர்த்தியான நிறத்தில் மெழுகை ஊற்றினேன். அந்த மூலையில் வெளிச்சம் போதாது. ஜெனி தன் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அரை மணி நேரம். வெளிச்சம் ஆடிக்கொண்டே இருந்தது.

"நேரா புடிம்மா. கை ஏன் இப்டி ஆடுது, நாஸ்தா துன்னியா இல்லியா?"

"துன்னேன் நைனா."

நேராகப் பிடித்தாள். நான் ரேகை வரைந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் வேறு எங்கும் ரேகை வரைந்ததில்லை. வெளியே வந்து வண்டியை எடுத்தேன்.  மாடியிலிருந்து அவள் எட்டிப் பார்ப்பாள் என்று நிமிர்ந்தேன். அன்று அவள் பார்க்கவில்லை.

நாலாவது அழைப்பு வந்தபோது மாமல்லபுரத்தில் கடற்கரையை ஒட்டின ரிசார்ட் ஒன்றில் இருந்தேன். உப்புக் காற்று பட்டு நாற்காலிகளில் பாலிஷ் கொப்பளித்துவிட்டது, மேனேஜர் ஹரிஹரன் அவசரம் என்று கூப்பிட்டிருந்தார். பகல் பதினோரு மணி. அரக்குப் பாலிஷை ஆரம்பித்தால் நடுவில் கையை எடுக்கக் கூடாது, எடுத்த இடத்தில் கோடு நின்றுவிடும். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. விட்டுவிட்டேன். மறுபடி வந்தது, மறுபடியும் விட்டேன். நாற்காலியை முடித்துவிட்டுக் கூப்பிட்டால் யாரோ ஒரு பெண் எடுத்தாள். ஜெனி வீட்டுக்குக் கீழ்க் குடியிருக்கிறவளாம். உங்கள் மகள் என் போனில் இருந்துதான் கூப்பிட்டாள், நீங்கள் எடுக்கவில்லை, ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள், காலில் செருப்புகூட இல்லை என்றாள்.

நான் செங்கல்பட்டு வந்து சேர்ந்தபோது ஜெனி அம்மாவோடு பெரியாஸ்பத்திரியில் இருந்தாள். இடது காதுச் சவ்வு கிழிந்துவிட்டது. முன்பே ஒரு தரம் கிழிந்து தானாக ஆறி, அதே இடத்தில் மறுபடியும் கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். இனி அந்தக் காதில் கேட்பது சந்தேகம். வசந்தா என்னை வராண்டாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"மூணு வாட்டி போனியே, ஊரான் வூட்டு மேஜையெல்லாம் பாத்து ஜோசியம் சொல்றவன், உன் பொண்ணு வூட்ல ஒண்ணுமே பாக்கலியா நீ?"

நான் வராண்டாச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போலீசுக்குப் போகலாம் என்றாள் வசந்தா. ஜெனி மாட்டேன் என்றாள். திரும்பிப் போக மாட்டேன், அவ்வளவுதான், வேறெதுவும் வேண்டாம் என்றாள். ஆனால் அந்த அவ்வளவுதானுக்கே வழி இல்லாமல் போனது. ஆல்வின் வீட்டார் சபைக் கமிட்டியிடம் முந்திக்கொண்டார்கள். பெண்ணுக்கு முன்கோபம், சின்ன வயசிலிருந்தே காதில் சீழ் வடியுமாம், அவளே எதிலோ இடித்துக்கொண்டு பையன் மேல் பழி போடுகிறாள், வந்து வீட்டைப் பாருங்கள், அடிதடி நடக்கிற வீடு மாதிரி இருக்கிறதா என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்களாம். கமிட்டிக்கும் அதுதான் வசதி. கொயர் பையன், நல்ல சம்பளம், கோயிலில் வைத்துக் கட்டின கல்யாணம். ஜெபம் பண்ணி, புத்தி சொல்லி, பெண்ணைத் திரும்ப அனுப்பிவைப்பது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாஸ்டரும், ரயில்வேயில் இருந்து ரிட்டயரான மூப்பர் சாம் ஐயாவும், இன்னும் இரண்டு பேரும் ஆல்வின் வீட்டு மாடியில் வந்து உட்கார்ந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் போனோம்.  திரும்பப் போகச் சொன்னால் போய்விடுவேன், ஆனால் அதற்குப் பிறகு என்னைப் பார்க்க வராதீர்கள் என்று படிக்கட்டில் வைத்து ஜெனி தன் அம்மாவிடம் சொன்னாள்.

ஜெபம் முடிந்து பேச்சு ஆரம்பித்தது. ஜெனி சொன்னாள்: பெல்ட்டால் அடித்தார், கையை முறுக்கி அழுத்தினார், தலையை டிரஸ்ஸிங் டேபிளில் மோதினார். குரல் உயராமல், பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று ஒப்பிக்கிற பிள்ளையைப் போலச் சொன்னாள். ஆல்வின் தலையைக் குனிந்துகொண்டு, கடவுளுக்குத் தெரியும் என்றான். பொன்னி அம்மாள் எழுந்து படுக்கையறைக் கதவைத் திறந்துவிட்டாள்.

"எங்க மோதனான்னு காட்டச் சொல்லுங்க ஐயா. சாமானு எல்லாம் அவங்க நைனா குடுத்தது. எறக்கின அன்னிக்கி எப்டி இருந்துச்சோ அப்டியே கீது. ஒரு கோடு இருந்தா நானே அவ காலுல வுழறேன்."

எல்லோரும் உள்ளே போனார்கள். கட்டிலில் துவைத்த விரிப்பு. ஜன்னல் வெயிலில் தலைமாட்டுப் பலகை பளபளவென்று இருந்தது. ஜெனி டிரஸ்ஸிங் டேபிளின் பக்கவாட்டுச் சட்டத்தைக் காட்டினாள். சாம் ஐயா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார், உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு கட்டிலையும் தடவினார். அவர் நல்ல மனிதர், அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்து, மெச்சிக்கொள்கிற குரலில் சொன்னார்: "ஒரு கோடுகூட இல்லியே ஜான்சன்."

இருபத்தாறு வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உழைத்தேன். வீடு வீடாகக் கேட்டுக் காது குளிர்ந்த வார்த்தை அது. அந்த அறையில் அதைக் கேட்டபோது எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. ஜெனி என்னைப் பார்க்கவில்லை. அந்தச் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கே அந்த இடம் தெரியவில்லை.

கீழே போய் வண்டியிலிருந்து பெட்டியை எடுத்து வந்தேன். சூட்டுக் காற்று ஊதுகிற ஹீட் கன்னைக் கட்டில் பக்கத்து பிளக்கில் சொருகினேன். இன்னா பண்ற என்று வசந்தா கேட்டாள். அந்த இடம் எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். சட்டத்தில் சூடு காட்டினதும் அரக்கு கொப்பளித்தது, நான் வரைந்த ரேகை கருகி மறைந்தது, மெழுகு உருகிக் கோடாக வழிந்தது. கத்தி முனையால் வழித்துத் துணியில் துடைத்தேன். பள்ளம் திறந்துகொண்டது. அடியில் அந்தக் கறை அப்படியே இருந்தது. அறை முழுக்க மெழுகு வாசனை. அடுத்தது முன்விளிம்பு. வெட்டு வெட்டாக மெழுகைக் கிளறி எடுத்தேன். கடைசியாகக் கட்டில். பலகையில் நான் போட்ட மூன்று பூச்சையும் ஸ்பிரிட்டால் கழுவி, ஈரத்துணியால் துடைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்தேன். கீறல்களின் ஆழமான பகுதி அடியில் அப்படியேதான் கிடந்தது, சதுரமும் முள்ளும்.

"இது பெல்ட்டு பக்கிள் ஐயா," என்றேன். "மூணு அடி. படுத்துகினு இருக்கறவள அடிச்சாதான் இந்த ஒயரத்துல வுழும். ரெண்டு அடி அவ மேல பட்டுட்டுத்தான் பலகைல பட்டுகீது, அதான் ஆழம் கம்மி. இது வளையல் கை. இது தல."

ஆல்வினின் கை தானாக இடுப்புக்குப் போனது. சதுர பக்கிள் வைத்த கம்பெனி பெல்ட்டைத்தான் போட்டிருந்தான். எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். பாஸ்டர் கட்டிலில் உட்காரப் போனவர், உட்காராமல் சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

பொன்னி அம்மாள்தான் வாயைத் திறந்தாள். மகன் பக்கம் திரும்பவில்லை, என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். "எல்லாம் தெரிஞ்சவரு அப்பவே கேக்கறதுதான? இன்னாத்துக்கு மூட்ன?"

 தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும் என்று சொன்னாலும் முழு உண்மை இல்லை. கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரிந்தது, நான்தான் தெரிந்துகொள்ளவில்லை. தெரிந்துகொண்டால் கேட்க வேண்டும். கேட்டால் நாற்பது நாள் பாலிஷ், பர்மனென்ட் மாப்பிள்ளை, தெருவே வந்து பார்த்த சீர், எல்லாம் என்ன ஆவது?

ஜெனி அதுவரைக்கும் நின்ற இடத்தில்தான் நின்றிருந்தாள். அவள் பேசினது மாமியாருக்கு இல்லை.

"நீ பாத்துட்டன்னுதான் நெனச்சேன் நைனா. உன் கைல மறைக்க முடியாதுன்னு எனுக்குத் தெரியும், அதான் வாயால சொல்லாம கூப்ட்டேன். ஒவ்வொரு வாட்டியும் நீ பாத்துட்டு, தெரிஞ்சிகினே மூடிட்டுப் போன. பொறுத்துகினு இருன்னு சொல்றன்னு நெனச்சேன்."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் நானும் அழுதிருப்பேன். அவள் அழவில்லை. ஹீட் கன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, வசந்தா போய் ஸ்விட்சை அணைத்தாள்.

அதற்குப் பிறகு ஜெனியை யாரும் திரும்பப் போகச் சொல்லவில்லை. சாம் ஐயாவே டாட்டா ஏஸ் வண்டி பிடித்துக் கட்டிலையும் டிரஸ்ஸிங் டேபிளையும் ஏற்றிவிட்டார். அவை இப்போது எங்கள் முன்னறையில் இருக்கின்றன. வசந்தா விற்றுவிடு என்கிறாள். காயத்தோடு யார் வாங்குவார்கள்? மூடிக் கொடுக்க என் கை போகவில்லை. ஜெனி அந்தக் கட்டிலில் படுப்பதில்லை, பக்கத்திலேயே பாய் விரித்துக்கொள்கிறாள். பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகள் சாப்பிடுகிற மெஸ் ஒன்றில் பில் போடுகிறாள். என்னிடம் பேசுகிறாள். சாப்டியா, வண்டிக்கு பெட்ரோல் போட்டியா, மழ வரும் போலகீது, இந்த அளவுக்கு. அதற்கு மேல் பேச நானும் விட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசல்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வசந்தா கோயிலிலிருந்து இன்னும் வரவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு மாதமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததைக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

"எப்டிம்மா ஆச்சி? மொத மொதல்ல எப்டி ஆச்சி?"

அவள் உரித்துக்கொண்டே இருந்தாள். கோபம், பதில் சொல்ல மாட்டாள், நியாயம்தான் என்று நினைத்தேன். ஒரு வெங்காயம் முடிந்து அடுத்ததை எடுத்தபோதுதான் புரிந்தது. நான் உட்கார்ந்திருந்தது அவளுடைய இடது பக்கம். அந்தக் காதில் கேட்காது என்பதால் வீட்டில் எல்லோரும் வலது பக்கம் உட்காரப் பழகியிருந்தோம். நானும் பழகியிருந்தேன். அன்று மட்டும் இடது பக்கம் எப்படிப் போய் உட்கார்ந்தேன், தெரியாமலா, தெரிந்தேவா என்று என்னால் சொல்ல முடியவில்லை. கேட்டாகிவிட்டது என்று எழுந்து உள்ளே போய்விடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த ஒரு நிமிஷத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

எழுந்து அவளைச் சுற்றிக்கொண்டு போய் வலது பக்கம் உட்கார்ந்தேன். மறுபடியும் கேட்டேன்.

அவள் கை நின்றது. முறத்தை நகர்த்தி வைத்தாள். முதல் தரம் கட்டில் ஓரத்தில் நின்று பார்த்த மாதிரியே என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கட்டில்ல வுழுந்ததுலேர்ந்து சொல்லவா நைனா? இல்ல, அதுக்கு முன்னாடி எம்மேல வுழுந்ததுலேர்ந்து சொல்லவா?"

முன்னாடியிலிருந்தே சொல்லச் சொன்னேன்.